ஒயின் தோட்டத்திலிருந்து நம் சாப்பாட்டு மேசை வரை: சுங்கை சிப்புட்காரரின் முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம், இல்லையென்றால் செம்பனைத் தோட்டம். வேறு எதுவும் மனசுக்கு வராது. தங்கை குடும்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிய பிறகு, அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கத்திலேயே இருக்கிற சுவான் பள்ளத்தாக்குக்குப் போய், அங்கே குடும்பமாக நடத்தும் சின்னச் சின்ன ஒயின் தோட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் திராட்சைக்கும் தோட்டம் உண்டு, அங்கேயும் இருட்டோடு வேலைக்கு இறங்குகிறவர்கள் உண்டு என்பது உறைத்தது. இப்போது ஊரில் யார் பெர்த் போனாலும் என்னிடம் கேட்கிறார்கள். எங்கே போவது, உள்ளே போய் என்ன கேட்பது, எத்தனை போத்தல் கொண்டுவரலாம், கொண்டுவந்ததை எங்கே வைப்பது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒயினைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடியுங்கள் என்பார்கள். அவர்கள் அறை 18 டிகிரி, நம் வீட்டுக் கூடம் மத்தியானத்தில் 32. நிலவறையில் வையுங்கள் என்பார்கள், நமக்குத் தகரக் கூரை. அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் நம் வீட்டுச் சாப்பாட்டையும் நம் வெயிலையும் யோசியுங்கள், அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போன பணம் வீடு திரும்பாத கதை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா வீட்டிலும் இருந்தது, அம்மாவுக்கு இன்றைக்கும் கள்ளு வாடை பட்டால் முகம் சுருங்கும். அந்த வலியை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஒரு போத்தலை ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, சாப்பாட்டோடு, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிக்கிற பழக்கத்தைப் பற்றி மட்டும்தான் இது. 750 மில்லி போத்தலில் 150 மில்லி வீதம் சரியாக ஐந்து கிளாஸ் வரும். நம் நாட்டில் 21 வயது நிரம்பியவருக்குத்தான் மது விற்கலாம், ஆஸ்திரேலியாவில் 18. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

முதல் படி: அடுப்படியில் தொடங்குங்கள்

கிளம்புவதற்கு முன், கொண்டுவரப்போகும் போத்தலை எந்தச் சாப்பாட்டோடு திறக்கப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். தீபாவளி ஆட்டிறைச்சிப் பிரட்டலா, ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பா, இறால் சம்பலா, சைவச் சாப்பாடா? ஒரு தாளில் இரண்டு மூன்று பெயரை எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒயின் ஊற்றித் தருகிறவரிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டினாலே போதும், அவர் பேச்சு மாறிவிடும். எந்த ஒயின் நல்லது என்று கேட்டால் எல்லாம் நல்லது என்பார். மிளகும் சோம்பும் போட்டு வறட்டிய ஆட்டிறைச்சிக்கு எது என்று கேட்டால் யோசித்துவிட்டு ஒரு போத்தலை எடுப்பார்.

காரத்துக்கும் ஒயினுக்கும் உள்ள உறவை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் கூட்டும். குளிர்ச்சியும் லேசான இனிப்பும் அதைத் தணிக்கும். ஆகவே நெத்திலிச் சம்பலுக்கு 15 சதவீத ஆல்கஹால் உள்ள கனத்த சிவப்பு ஒயினைத் திறந்தால் வாய் பற்றி எரியும், ஒயினும் கசக்கும், அப்புறம் ஒயின் நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடுவோம். ஒயின் மேல் தப்பே இல்லை, சேர்த்த சேர்க்கைதான் தப்பு. சம்பலுக்கும் நண்டுக்கும் நன்றாகக் குளிரவைத்த வெள்ளை. துவர்ப்பு குறைந்த கிரெனாஷ் போன்ற சிவப்பு கோழிக் குழம்புக்குச் சேரும். மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிக்கு ஷிராஸ் என்ற சிவப்பு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எப்போது, எங்கே

சுவான் பள்ளத்தாக்கு பெர்த் நகர மையத்திலிருந்து காரில் அரை மணிக்குள் வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒயினுக்கு இதுதான் மூத்த இடம், 1829-லேயே ஆலிவ் ஃபார்ம் என்ற இடத்தில் கொடி நட்டிருக்கிறார்கள். குரோவேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டில் போட்ட தோட்டங்கள் இங்கே நிறைய. பிழைக்க வந்தவர்கள் என்றதும் நமக்கு ஒரு நெருக்கம் வந்துவிடும், எனக்கு வந்தது. வெயில் கொளுத்துகிற இடம் என்பதால் வெர்டெல்லோ, செனின் பிளாங்க் என்ற வெள்ளை வகைகளும், ஷிராஸ், கிரெனாஷ் என்ற சிவப்பு வகைகளும், இனிப்பும் ஆல்கஹாலும் கூடிய மஸ்கட் போன்ற வகைகளும் இங்கே பேர் போனவை.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம், நேர வித்தியாசமும் இல்லை. நம் கடிகாரம்தான் அங்கேயும். அறுவடை ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும், அப்போது போனால் ஆலைக்குள் நொதிக்கிற வாசனை மூக்கைத் துளைக்கும், சாலையோரக் கடையில் சாப்பிடுகிற திராட்சையும் வாங்கலாம், ஆனால் தோட்டக்காரருக்கு நின்று பேச நேரம் இருக்காது, வெயிலும் சில நாள் 40 டிகிரியைத் தாண்டும். பேசிப் பழக வேண்டும் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். கொடியில் இலை இருக்காது, கவாத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள், வாசலில் கூட்டமும் இருக்காது. தீபாவளிக்கு மூன்று நாலு மாதம் முன்னால் வாங்கின மாதிரியும் ஆகும்.

பெரிய தோட்டங்களைத் தவிர்க்கச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மீதி நேரத்தைச் சின்ன இடத்துக்கு வையுங்கள். திராட்சை பறித்தவரே போத்தலைத் திறந்து ஊற்றும் இடத்தில் கிடைக்கிற பேச்சு, சீருடை போட்ட பணியாளரிடம் கிடைக்காது. சின்ன இடங்கள் பலவும் வாரக் கடைசியில் மட்டும்தான் திறக்கும், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். நாலு பேருக்கு மேல் போனால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

போகும் வழியில் இரண்டு விஷயம்

முதலாவது, விமான நிலையம். நாம் வெறுங்கையோடு போக மாட்டோம். மசாலாத் தூள், கருவாடு, ஊறுகாய், முறுக்கு என்று தங்கைக்கு ஒரு பெட்டியே போகும். வருகை அட்டையில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். காலணியில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தால் வீட்டிலேயே கழுவிவிடுங்கள். ஃபிலாக்சரா என்ற சின்னப் பூச்சி 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் நுழையவில்லை. அந்தப் பூச்சி மண்ணில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால்தான் கேட்காமல் கொடி வரிசைக்குள் நடக்கக் கூடாது. ரப்பர்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற அதே பயம்தான். ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் 1928-இல் தொடங்கிய ரப்பர் தோட்டம் வீணாய்ப் போனதில் அந்த நோய்க்குப் பெரிய பங்கு.

இரண்டாவது, யார் கார் ஓட்டுவது. அங்கே 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 50 மில்லிகிராமைத் தொட்டாலே குற்றம். நம் நாட்டிலும் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 80 மில்லிகிராமிலிருந்து அந்த 50-க்கே இறக்கிவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்பார்கள், அது போத்தல் மேலேயே அச்சடித்திருக்கும். 13.5 சதவீத ஒயின் முழுப் போத்தலில் எட்டு அளவு. ருசி பார்க்க 30 மில்லி வீதம் ஆறு வகை ஊற்றினால் ஏறக்குறைய இரண்டு அளவு ஆகிவிடும், ஒரே இடத்தில். மூன்று இடம் போனால் ஆறு. எனவே ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். மிட்லண்ட் ரயிலில் கில்ஃபோர்ட் வரை போய் அங்கிருந்து வாடகைக் கார் எடுக்கலாம், இல்லை ஒரு நாள் சுற்றுலா வண்டியில் இடம் போடலாம். எங்கள் வீட்டில் தங்கை மாப்பிள்ளை ஓட்டினார், அவருக்காக நான் ஒரு போத்தல் தனியாக வாங்கிக் கொடுத்தேன், ராத்திரி வீட்டில் திறக்க. ஓட்டுகிறவருக்கு அந்த மரியாதையைச் செய்துவிடுங்கள்.

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சென்ட் போடாதீர்கள், மல்லிகையும் வேண்டாம், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து மூக்கு மறைந்துவிடும்.

ருசி பார்க்கும் மேசையில்

இங்கேதான் பலர் கூச்சப்படுகிறார்கள். எனக்குத் தெரியாதே, தப்பாகப் பேசிவிடுவேனோ என்ற பயம். நாம் மூக்கு செத்தவர்கள் கிடையாது. கறித்தூள் வாங்கும்போது உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்து, சோம்பு கூடிப்போச்சு என்று சொல்லக்கூடியவர்கள். அந்த மூக்குதான் இங்கேயும் வேண்டும்.

வரிசை இப்படிப் போகும்: நுரைக்கிறது இருந்தால் முதலில், அப்புறம் லேசான வெள்ளை, கனமான வெள்ளை, ரோஸ் என்ற இளஞ்சிவப்பு ஒயின், லேசான சிவப்பு, கனமான சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் குடித்தால் அதற்குப் பின் எல்லாமே புளிக்கும், பாயசம் குடித்துவிட்டு ரசம் குடித்தாற்போல. கிளாஸின் தண்டைப் பிடியுங்கள், ஒரு சுழற்று சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள், உடனே குடிக்க வேண்டாம். வாசனை என்ன ஞாபகப்படுத்துகிறது என்று ஒரு நிமிடம் நில்லுங்கள். பின்பு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டுங்கள். தாடையோரம் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு, பச்சை வாழைக்காயைக் கடித்தால், கொட்டைப்பாக்கை மென்றால் வருமே, அதுதான். தொண்டையில் சூடு இறங்கினால் ஆல்கஹால். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும், பெரிய பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம்.

மேசை மேல் ஒரு வாளியோ குடுவையோ இருக்கும். துப்புவதற்கு. அதில் துப்பினால் அவமரியாதை ஆகாது, ஒயின் செய்கிறவர்களே ஒவ்வொரு வாயையும் துப்பித்தான் பார்க்கிறார்கள். கிளாஸில் மீதம் இருந்தாலும் அதில் ஊற்றிவிடலாம்.

வாசனையை உங்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நெல்லிக்காய், பாதாமி என்று அவர்கள் அட்டையில் போட்டிருப்பார்கள், அதைக் காப்பி அடிக்க வேண்டாம். என் நோட்டில் ஒரு வெர்டெல்லோவுக்கு எதிரே, கொய்யாத் தோல், எலுமிச்சை இலை கசக்கினது என்று இருக்கிறது. ஒரு செனின் பிளாங்குக்கு, தேனடை, பச்சை ஆப்பிள். ஷிராஸுக்கு மிளகு என்று எழுதியிருந்தேன், பின்னால்தான் தெரிந்தது அது கற்பனை கிடையாது என்று. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் அந்த வாசனையைத் தருகிறது, அதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுபிடித்து எழுதினார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை மூக்குக்கு எட்டவே எட்டாது, அதனால் பக்கத்தில் இருப்பவர் மிளகா, எங்கே என்று கேட்டால் சண்டை போடாதீர்கள். மிளகு போட்ட ஆட்டிறைச்சிக்கு ஷிராஸ் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். மஸ்கட்டில் தூக்கலாக இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள் நம் கொத்தமல்லி விதையிலும் நிறைய இருக்கிறது. வறுத்த மல்லி மணக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது அந்நியமாகவே இருக்காது.

அம்மா ஒருமுறை எங்களோடு வந்தார். குடிக்கிற இடத்துக்கு நான் வரலை என்று காரிலேயே இருந்தவரை, தோட்டக்காரரின் மனைவி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு உட்கார வைத்தார். தோட்டக்காரருக்கு எழுபது வயதிருக்கும். என்னைக் கூப்பிட்டு ஒரு பழைய கொடியைக் காட்டினார். தண்டு என் தொடை அளவு, பட்டை நார் நாராய் உரிந்து, வருஷா வருஷம் கவாத்து வெட்டிய தழும்பு ஒவ்வொரு முடிச்சாக ஏறியிருந்தது. அம்மா எழுந்து வந்து அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் பால் வெட்டின கை. "நல்லா வெட்டியிருக்காங்கய்யா, காயம் ஆழம் போகலை," என்றார். நான் அதைச் சொல்ல, அந்தப் பெரியவர் பொடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்து எந்த மொட்டை விட்டு எதை வெட்டுவது என்று அம்மாவுக்கே சொல்லிக் கொடுத்தார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். திராட்சையை ராத்திரியிலும் விடியலிலும் பறிப்போம், வெயில் ஏறினால் பழம் சூடாகிக் கூடையிலேயே கெடத் தொடங்கும் என்று அவர் சொன்னபோது அம்மா தலையாட்டினார், பாலும் வெயில் ஏறினால் நின்றுபோகும். கிளம்பும்போது மஸ்கட் கிளாஸை முகர மட்டும் செய்தார். "பாயசத்துல போடற திராட்சை நெய்யில பொரியற வாசனை," என்றார். அட்டையில் போட்டிருந்த ஆறு வரியைவிட எனக்கு அது சரியாகப் பட்டது, அதையே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என்ன கேட்கலாம் என்று கேட்டால், நான் நாலு கேள்வி கேட்பேன். இது இப்போதே குடிக்கவா, வைத்துக் குடிக்கவா? உங்கள் வீட்டில் இதை எதோடு சாப்பிடுகிறீர்கள்? திருகு மூடியா, தக்கையா? தெளிவாக்க முட்டையோ பாலோ மீனோ சேர்த்தீர்களா? கடைசிக் கேள்வி சைவக்காரர்களுக்கு முக்கியம். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இவற்றைப் போடுகிற வழக்கம் உண்டு, எல்லாரும் போடுவதில்லை. சின்னத் தோட்டத்தில் நேராகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ருசி பார்க்கச் சில இடங்களில் சின்னக் கட்டணம் உண்டு, வாங்கினால் கழித்துவிடுவார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனால் ஒரு மணி நேரம் நின்று பேசியவரிடம் ஒரு போத்தலாவது வாங்குவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன்.

எத்தனை வாங்குவது, எப்படிக் கட்டுவது

ஆசை பிடித்து ஆறு வாங்கிவிடாதீர்கள். மலேசியாவுக்குள் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடியது ஆளுக்கு மொத்தம் 1 லிட்டர் மதுதான், அதாவது 750 மில்லி போத்தல் ஒன்று. இரண்டாவது போத்தலே கணக்கைத் தாண்டிவிடும். கூடுதலாக இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுங்கள். மற்றவற்றைத் தங்கை வீட்டிலேயே குடித்து முடிப்பதுதான் என் வழக்கம். வீட்டுக்குக் கொண்டுவரப்போகிற அந்த ஒன்றை ருசி பார்த்த உடனே தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று இடம் பார்த்து, நோட்டைப் புரட்டி, பையிலிருக்கும் சாப்பாட்டுத் தாளோடு ஒப்பிட்டு, எதைப் பற்றிச் சாயங்காலமும் நினைப்பு வருகிறதோ அதை வாங்குங்கள். ஷிராஸும் வெர்டெல்லோவும் சமமாக நின்றால், நம் சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் வெள்ளையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள், ஆகவே பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். போத்தலை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், அப்புறம் கைலியில் சுற்றுங்கள், மேலே ஒரு துண்டு. பெட்டியின் நட்ட நடுவில், எல்லாப் பக்கமும் துணி இருக்கிற மாதிரி வையுங்கள், ஓரத்திலோ சக்கரம் பக்கமோ கூடாது. திருகு மூடியாக இருந்தால் நிம்மதி, கசியாது.

விமான நிலையத்திலிருந்து வீடு, வீட்டில் வைக்கும் இடம்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை கொண்டுவந்த ஷிராஸ், தக்கை போட்டது. கோலாலம்பூரிலிருந்து வரும் வழியில் தாப்பாவில் சாப்பிட நின்று, ஈப்போவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டோம், பெட்டி பின்னால் டிக்கியில். வீட்டுக்கு வந்து பார்த்தால் தக்கை அரை அங்குலம் வெளியே தள்ளியிருக்கிறது, கழுத்தோரம் பிசுபிசுப்பு. திறந்தபோது மிளகும் இல்லை, பழமும் இல்லை, அடிப்பிடித்த ஜாம் வாசனைதான். அந்தத் தோட்டக்காரர் ஒரு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான் ஒரு மத்தியானத்தில் வேகவைத்துவிட்டேன், அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் 50 டிகிரிக்கு மேல் ஏறும். விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்து, குளிர் ஓடுகிற முன்பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில் வையுங்கள், நிறுத்தும் இடத்தில் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒயினுக்குப் பிடித்த வெப்பம் 12-லிருந்து 15 டிகிரி. 25-க்கு மேல் போனால் வேகமாகக் கிழடு தட்டும், 30-க்கு மேல் வாரக்கணக்கில் இருந்தால் கெட்டுவிடும். நம் வீட்டில் அலமாரி மேல், சாமி அறை மாடம், அடுப்படிப் பரண் எதுவும் ஆகாது. அதைவிட மோசம், கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அழகுக்கு நிறுத்தி வைப்பது, ஊரில் நிறைய வீட்டில் பார்க்கிறேன். வெயிலும் வெளிச்சமும் பட்டு உள்ளே இருப்பது போயே போய்விடும்.

ஐஸ்பெட்டியில் அடித்தட்டு, காய்கறி வைக்கும் இழுப்பறை. அங்கே மூன்று நாலு மாதம் தாராளமாக வைக்கலாம். திருகு மூடியை நிறுத்தியும் வைக்கலாம், தக்கை என்றால் படுக்க வையுங்கள், தக்கை காய்ந்து சுருங்காமல் இருக்கும். ஐஸ்பெட்டியில் இடமே இல்லை என்றால், மீன்காரர் வைத்திருக்கும் வெள்ளை நுரைப் பெட்டி ஒன்றை வாங்கி, போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில் தரையோடு வையுங்கள். குளிர வைக்காது, ஆனால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்குவதை மட்டுப்படுத்தும், ஒரு சில வாரத்துக்குத் தாங்கும். வருஷக்கணக்கில் வைத்துப் பழசாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், அது நம் ஊருக்கு இல்லை. கள்ளு இறக்கிய மறுநாளே புளித்துப்போகும், இது அப்படியில்லை, நாலு மாதம் உங்களுக்காகக் காத்திருக்கும், அதுவே பெரிசு.

வந்த அன்றைக்கே திறக்க வேண்டாம். ஒரு வாரம் ஆடாமல் அசையாமல் கிடக்கட்டும்.

திறக்கும் நாள்

வெள்ளையைச் சாப்பிடுவதற்குக் கால் மணி முன்னால் வெளியே எடுங்கள், 8-லிருந்து 12 டிகிரி அதற்குச் சரி. பல்லைக் கூசவைக்கும் குளிரில் வாசனை வெளியே வராது. சிவப்புக்கு 16-லிருந்து 18 டிகிரி, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணிக்கு மேல் நம் கூடத்தில் வைத்தால் வந்துவிடும், வெளியே வைத்திருந்தீர்கள் என்றால் அதற்கு மாறாக ஒரு மணிக்கு மேல் உள்ளே. சிவப்பைக் குளிரவைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டு வெயிலில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றாதீர்கள். விலை உயர்ந்த கிளாஸ் வேண்டியதில்லை, வாய் உள்பக்கம் குறுகின எந்தக் கண்ணாடிக் கிளாஸும் போதும், வாசனை உள்ளே நிற்கும். மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். நிரப்பினால் சூடாகிவிடும், சுழற்றவும் முடியாது. தக்கை உடைந்து துகள் விழுந்தால் டீ வடிகட்டியில் வடிகட்டிவிடுங்கள்.

முதலில் நீங்கள் முகர்ந்து பாருங்கள். நனைந்த கோணி, மக்கின அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கையின் கோளாறு, எத்தனை நேரம் வைத்தாலும் சரியாகாது. மூக்கைக் குத்துகிற வினிகர் வாடை என்றால் முடிந்துபோனது. ஆனால் ரப்பர் எரிந்த வாடை, தீக்குச்சி உரசின வாடை வந்தால் பயப்பட வேண்டாம், காற்றுப் படாமல் அடைந்து கிடந்ததால் வருவது, திருகு மூடிப் போத்தலில் சில நேரம் இருக்கும். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காய்ந்த வாடையில் வளர்ந்த நமக்கு அது சட்டென்று பிடிபடும். ஒரு குடத்திலோ ஜக்கிலோ ஊற்றி இரண்டு தடவை மாற்றி ஆற்றுங்கள், டீ ஆற்றுகிற மாதிரி, கால் மணியில் போய்விடும்.

சாப்பாட்டில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்யுங்கள். மிளகாயைக் கொஞ்சம் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு, பொரித்த மீனில் பிழிந்த எலுமிச்சை எல்லாமே வெள்ளை ஒயினோடு அழகாகப் போகும். மஸ்கட் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாஸில், நெய் உருண்டையோடு.

மீந்துபோனால் மூடி இறுக்கி ஐஸ்பெட்டியில் வையுங்கள், வெள்ளையும் சிவப்பும் மூன்று நாலு நாள் தாங்கும், மஸ்கட் சில வாரம். பாதிக்கு மேல் காலியாகியிருந்தால் ஒரு சின்னப் போத்தலில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள், காற்று குறைந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். பெலாச்சான் (இறால் விழுது) டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கடைசியாக, நோட்டை எடுத்து அந்த ஒயினுக்கு எதிரே இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், யார் யார் இருந்தார்கள், எது ஒத்துப்போனது என்று எழுதுங்கள். அதைப் படம் பிடித்துத் தோட்டக்காரருக்கும் அனுப்புங்கள். சின்னத் தோட்டக்காரர்களுக்குத் தங்கள் போத்தல் எங்கே போய் யார் வீட்டில் திறக்கிறது என்று அநேகமாகத் தெரியவே தெரியாது. போன தீபாவளிக்கு நான் ஷிராஸ் கிளாஸையும் வாழை இலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டலையும் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. வாழ்த்து ஒரு வரி, அதற்கடுத்த வரியில் ஒரு கேள்வி: மிளகை எப்போது போடுகிறீர்கள், முதலிலா கடைசியிலா? அம்மாவிடம் கேட்டு எழுதினேன், அடுப்பை அணைக்கப் போகும்போது, இடித்த சூட்டோடு.